பிள்ளைகளின் உடை கூடுதல் நாள் உழைக்க: வாங்குவது முதல் கடைசித் துண்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைகளின் உடை இரண்டு வழிகளில் பயனற்றுப் போகிறது. ஒன்று, உடை நன்றாக இருக்கும்போதே பிள்ளை வளர்ந்துவிடுகிறது. மற்றொன்று, பிள்ளைக்கு அளவு சரியாக இருக்கும்போதே உடை நைந்துவிடுகிறது. எந்த வயதில் எது நடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தாலே, எங்கே பணத்தைச் செலவிடலாம், எங்கே சிக்கனமாக இருக்கலாம் என்பது விளங்கிவிடும். அதைவிட முக்கியமாக, ஓர் உடையின் ஆயுளில் பெரும்பகுதி துவைக்கும் இடத்தில் அல்ல, அதை வாங்கும்போதும் வெட்டித் தைக்கும்போதுமே முடிவாகிவிடுகிறது என்பதும் புரியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தை ஒட்டியே செல்கிறது.

பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. நீளமுள்ள குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறத்தாழ 25 செ.மீ. வளர்ந்து, எடையில் மூன்று மடங்காகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் 10 முதல் 12 செ.மீ. வரை வளர்கிறது. அதன் பிறகு பருவ வயது தொடங்கும் வரை வளர்ச்சி சீராகி, ஆண்டுக்கு 5 முதல் 7 செ.மீ. என்ற அளவில் நிற்கிறது. ஆகவே, முதல் 2 ஆண்டுகளில் உடை நைவதற்கு வாய்ப்பே இல்லை. அளவுதான் போதாமல் போகிறது. 4 வயதுக்கு மேல் நிலைமை தலைகீழாகிறது: ஓடி விழுந்து, முட்டி போட்டு, தரையில் தேய்த்து விளையாடும் பிள்ளையின் உடை, அளவு போதாமல் போவதற்கு முன்பே முட்டியிலும் கழுத்துப் பட்டையிலும் நைந்துவிடுகிறது. இந்த வயதில் பிள்ளை நீளத்தில்தான் வளர்கிறதே தவிர, அகலத்தில் அவ்வளவாக வளர்வதில்லை. மார்பளவு ஆண்டுக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. எனவே நீளத்தைச் சேமித்து வைத்திருக்கும் உடையே நெடுநாள் வரும்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

பள்ளி திறப்பதற்கு முந்தைய கோடை விடுமுறையிலும், தீபாவளித் துணி எடுக்கப் புறப்படும் முன்பும் அலமாரியை ஒருமுறை முழுவதும் வெளியே எடுத்துப் பிரிப்பது நல்லது. பிள்ளைக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இப்போதைக்குச் சரியாக இருப்பவை, சிறு பழுது பார்த்தால் சரியாகிவிடுபவை, நீளம் விடக்கூடியவை, சிறிதாகிப்போனவை, அடுத்த ஆண்டுக்கானவை எனக் குவித்து வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் வெளியே போடும் உடை தேவைக்கு மேல் இருக்கும். தினமும் வீட்டில் போடும் உடைதான் குறைவாக இருக்கும். அந்தச் சிலவற்றையே திரும்பத் திரும்பத் துவைப்பதால் அவை விரைவில் நைந்துவிடுகின்றன. விழாவுக்கு எடுத்த உடையோ இரண்டு முறைகூடப் போடப்படாமல் சிறிதாகிவிடுகிறது. கணக்கெடுத்துவிட்டு வாங்கப் போகிறவர்கள் பட்டுச் சட்டையைக் குறைத்துக்கொண்டு பருத்திச் சட்டையைக் கூட்டிக்கொள்வார்கள்.

அதே நாளில் பிள்ளையின் அளவுகளையும் இஞ்ச் டேப் வைத்து எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: தோளின் அகலம், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலான நீளம், கையின் நீளம். ஆயத்த ஆடையில் ஒட்டியிருக்கும் வயதுக் குறிப்பை நம்ப வேண்டாம். ஒரு கடையில் 6 வயது என்று போட்டிருப்பது மற்றொரு கடையின் 5 வயது அளவாக இருக்கும். பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும் ஒரு சட்டையைக் கையோடு கொண்டுபோய், வாங்கவிருப்பதன் மேல் விரித்து வைத்துப் பார்ப்பதே மிகவும் நம்பகமான முறை.

படி 2: வாங்கும்போது உள்பக்கத்தைப் பாருங்கள்

உடையின் வெளிப்பக்கம் அழகைத்தான் காட்டும். அதன் ஆயுளை உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் அறிய முடியும். கீழ் மடிப்பு எத்தனை அங்குலம் இருக்கிறது, பக்கத் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், துணியின் விளிம்பு பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் ஒழுங்காக ஓடியிருக்கிறதா, பட்டன்கள் ஆடுகின்றனவா என்பவற்றைக் கவனியுங்கள். இரண்டு கைகளாலும் தையலை மெல்ல இழுத்துப் பார்த்தால், தையல் நெருக்கமாக இல்லாத இடத்தில் நூல் பல்லிளிக்கும். அத்தகைய உடையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

பின்னலாடை எனப்படும் பனியன் துணியில் செய்த டீ-சர்ட், லெகிங்ஸ் முதலியவற்றை வாங்கும்போது, துணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கத்தில் உள்ள விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் துணி மிக மெல்லியது என்று பொருள். திருப்பூர் வட்டாரத்தில் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவால், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடையுள்ளது என்ற கணக்கால் சொல்வார்கள். 180 ஜி.எஸ்.எம். துணியில் செய்த டீ-சர்ட், 140-இல் செய்ததைவிட அதிகமாக உழைக்கும் என்றாலும், நம் ஊர் வெயிலில் கைக்குழந்தைக்கு மெல்லிய துணியே இதமானது. குழந்தையோ துணி நைவதற்கு முன்பே வளர்ந்துவிடும். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு, அது உடனே பழைய நிலைக்குச் சுருங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கிப்போன கழுத்தைப் பிறகு சரிசெய்வது கடினம்.

அளவு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஓர் அளவு பெரிதாக எடுக்கலாம், இரண்டு அளவு பெரிதாக எடுக்கக்கூடாது. மிகப் பெரிய உடையின் நுனி தரையில் இழுபட்டு மிதிபடுகிறது, தோள் இறங்கிக் கைத்தையல் இழுக்கிறது. அளவு சரியாகும் நாள் வருவதற்குள் உடை பாதி நைந்துவிடுகிறது. பிள்ளையும் அந்த உடையில் வசதியாக இருப்பதில்லை. தோள் பொருந்த வேண்டும். நீளமும் சுற்றளவும் சற்றுத் தாராளமாக இருக்கலாம். தோள் தையல் இல்லாமல் கழுத்திலிருந்தே சரிவாக இறங்கும் கை வைத்த சட்டைகள், இடுப்பின் உள்பக்கத்தில் துளைகளும் பட்டனும் வைத்த எலாஸ்டிக் கொண்ட பேண்ட்கள், தோளில் நாடா முடியும் கவுன்கள் ஆகியவை பிள்ளையோடு சேர்ந்து வளரும். பக்கத்தில் நாடா கட்டும் ஜப்லாவை நம் பாட்டிமார் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்: குழந்தை பருக்கப் பருக்க முடிச்சைத் தள்ளிக் கட்டினால் போதும்.

பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியிலும் புடவையிலும் துணி கிழித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் எஞ்சிய சாயமும் போய்விட்டிருக்கும், மிருதுவாக இருக்கும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். முதல் 3 மாதங்களுக்குப் புதுத்துணி வாங்கிக் குவிப்பதைப்போல வீணான செலவு குழந்தை உடைகளில் வேறில்லை.

படி 3: தைக்கக் கொடுக்கும்போது நீளத்தை உள்ளே சேமியுங்கள்

ஆயத்த ஆடையில் பெரும்பாலும் தையலுக்கு உள்ளே ஒரு செ.மீ. அளவுக்குத்தான் துணி இருக்கும். அதையும் ஓவர்லாக் செய்யும்போது வெட்டி விடுகிறார்கள். அதைப் பிரித்துப் பெரிதாக்க முடியாது. தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பதன் முழுப்பயன் இங்கேதான் இருக்கிறது; ஆனால் நாம் வாய்விட்டுக் கேட்காவிட்டால் அவரும் உள்ளே துணி விடமாட்டார்.

முதலில் துணியை நனையுங்கள். பருத்தித் துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். உள்ளே வைக்கும் லைனிங் துணியையும் இப்படியே நனைக்க வேண்டும். வெளித்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால், உடை முழுவதும் சுருக்கம் விழுந்து கெட்டுவிடும். சீருடைக்கு எடுக்கும் டெரிகாட்டன் பாலியஸ்டர் கலந்தது என்பதால் அவ்வளவு சுருங்காது.

பிறகு அளவு கொடுக்கும்போது இவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பேண்ட், அரைக்கால் சட்டை, ஸ்கர்ட் ஆகியவற்றின் கீழ் மடிப்பு 3 அங்குலம் இருக்கட்டும். அதை மிஷினில் அடிக்காமல் கையால் ஹெம்மிங் செய்யட்டும், ஏனென்றால் கைத்தையலைப் பிரித்தால் தடம் தெரியாது. சட்டையின் பக்கத் தையலில் ஒவ்வொரு துண்டிலும் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கங்களிலும் முன்துண்டு, பின்துண்டு என்று நான்கு விளிம்புகள் இருப்பதால், தேவைப்படும்போது மொத்தம் 4 அங்குலம் சுற்றளவு கிடைக்கும். அக்குள் வளைவில் மட்டும் அளவோடு விட வேண்டும். அங்கே துணி திரண்டால் பிள்ளையின் தோலை உறுத்தும். பேண்டின் பின்பக்க நடுத்தையலில் இரு பக்கமும் ஓர் அங்குலம் இருந்தால், இடுப்பைப் பெரிதாக்குவது கால்மணி நேர வேலை.

பட்டுப்பாவாடையில் டக் பிடிக்கும் பழைய முறை, நீளத்தைச் சேமிப்பதில் இன்றுவரை இணையற்றது. கரைக்குச் சற்று மேலே, துணியைக் குறுக்காக மடித்து வரிசையாக டக் வைத்துத் தைக்கிறார்கள். ஓர் அங்குல ஆழமுள்ள ஒரு டக், 2 அங்குல நீளத்தை விழுங்கும். 3 டக் பிடித்தால் 6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 15 செ.மீ. உள்ளே இருக்கும். 4 வயதுக்கு மேல் ஆண்டுக்கு 6 செ.மீ. வளரும் பெண் குழந்தைக்கு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலான நீளம் ஆண்டுக்கு 4 செ.மீ. அளவிலேயே கூடும். எனவே 3 டக் உள்ள பாவாடை, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் வரும். பாவாடையோடு சேர்த்துத் தைக்கும் மேல்பகுதியான பாடியைத் தனிப் பருத்தித் துணியில் வைத்து, அதன் முதுகுப்பக்கப் பட்டன் பட்டியை அகலமாக விட்டால், பட்டனைத் தள்ளித் தைத்தே சுற்றளவைக் கூட்டிக்கொள்ளலாம். பாடி முற்றிலும் போதாமல் போனால் அதைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிய பாடி வைக்கலாம்; பட்டு அப்படியே இருக்கும். மேல்சட்டைதான் முதலில் சிறிதாகும் என்பதால், துணி எடுக்கும்போதே இன்னொரு சட்டைக்கான துணியையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பட்டில் ஒரு சிக்கல் உண்டு. டக்கைப் பிரித்தால் ஊசித் துளைகளின் வரிசை தெரியும். மடிப்புக்குள் இருந்த பகுதி வெளிச்சம் படாமல் சற்று அடர்ந்த நிறத்திலும் இருக்கும். தையல் நீளத்தைக் கூட்டி, மெல்லிய ஊசியால், மெல்லிய நூலில் டக் பிடித்தால் துளைகள் குறையும். அப்படியும் தெரிந்தால் அந்த வரியின் மேலேயே மெல்லிய ஜரிகை லேஸை ஓட்டிவிடலாம்.

படி 4: முதல்நாள் போடுவதற்கு முன்பே வலுவூட்டுங்கள்

கிழிந்த பிறகு ஒட்டுப் போடுவதைவிடக் கிழியும் முன்பே உள்ளே ஒட்டு வைப்பது எளிது, வெளியே தெரியாது, அதிக நாளும் வரும். விளையாடும் வயதுப் பிள்ளையின் பேண்டில், முட்டி வரும் இடத்தின் உள்பக்கத்தில், அதே நிறத்தில் ஒரு நீள்வட்டத் துண்டு வைத்துத் தையுங்கள். மூலைகள் கூராக இருக்கக்கூடாது. கூரான மூலையில்தான் இழுவிசை குவிந்து அடுத்த கிழிசல் தொடங்கும். ஒட்டுத் துண்டின் நூலோட்டம், அதாவது நூல்கள் செல்லும் திசை, பேண்டின் நூலோட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். துண்டு முன்கூட்டியே நனைத்து உலர்ந்ததாக இருக்க வேண்டும். நெய்த துணிக்கு நெய்த துணியையும், பின்னலாடைக்குப் பின்னல் துணியையும்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று விரியும்போது மற்றொன்று விரியாமல் தையல் அறுந்துவிடும்.

பையின் இரு மூலைகள், பேண்டில் இரு கால்களும் சேரும் இடம், ஜிப்பின் அடிமுனை ஆகிய இடங்களில் முன்னும் பின்னுமாகச் சில முறை தையலை ஓட்டிப் பலப்படுத்தச் சொல்லுங்கள். புதிய சட்டையின் பட்டன்களை ஒருமுறை நாமே மறுபடி தைத்துவிடுவது நல்லது. ஆயத்த ஆடைகளில் நூலை முடிச்சிடாமல் விட்டிருப்பார்கள், ஒரு முனையை இழுத்தால் முழுவதும் கழன்று வரும். கைக்குழந்தையின் உடையில் இது சிக்கனத்தை விட முக்கியமானது, ஏனென்றால் கழன்ற பட்டன் குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

புத்தாடையில் மஞ்சள் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் வையுங்கள். காலரில் வைத்த மஞ்சள், துவைத்த பின் வெள்ளைச் சட்டையில் திட்டாகத் தங்கிவிடும்.

படி 5: துவைத்து உலர்த்தும் முறை

உடை எத்தனை முறை துவைக்கப்படுகிறதோ அத்தனை முறை அதன் இழைகள் தேய்கின்றன. அதற்காக அழுக்கு உடையைப் போட்டுவிட முடியாது. வியர்வையும் மண்ணும் இழையை இன்னும் வேகமாகக் கெடுக்கும். ஆனால் பள்ளியிலிருந்து வந்தவுடன் சீருடையை மாற்றிவிட்டு வீட்டு உடை போடும் பழக்கம் ஒன்றே, சீருடைக்குச் சில மாத ஆயுளைக் கூட்டிவிடும்.

துவைக்கும் முன் ஜிப்பை மூடி, கொக்கிகளை மாட்டி, உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். காலர், கை விளிம்பு, அக்குள் ஆகிய இடங்களில் மட்டும் சோப்பைத் தடவிச் சற்று நேரம் விட்டு, கையால் கசக்கினால் போதும். நார்ப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், கல்லில் ஓங்கி அடிப்பதும் அழுக்கைவிட இழையையே அதிகம் எடுக்கின்றன, பட்டன்களும் உடைகின்றன. சலவை இயந்திரத்தில் போடுபவர்கள் நாடா, கொக்கி உள்ளவற்றை வலைப்பையில் இட்டுப் போடலாம். சலவைத்தூளை அதிகம் போட்டால் அழுக்கு அதிகம் போகும் என்பது தவறான எண்ணம். அலசலில் போகாமல் எஞ்சும் தூள் துணியை விறைப்பாக்கி நிறத்தை மங்கச் செய்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாவதற்குப் பெரும்பாலும் காரணம், சோப்பு நீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத படிவாகத் துணியில் தங்குவதே. அங்கே சோப்பைவிட டிடர்ஜெண்ட் நல்லது. நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் அதைக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் உடையைக் கறைதான் முதலில் ஓரங்கட்டுகிறது. இரத்தம், பால், முட்டை ஆகிய புரதக் கறைகளுக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. சுடுநீர் பட்டால் புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கறை என்றால், துணியை நனைப்பதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தை அதன்மேல் தடவி ஊறவிட வேண்டும். சேற்றை ஈரத்தோடு தேய்க்காமல், காயவிட்டு உதறிய பிறகு துவைக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனா மைக்குக் கைகளில் தடவும் ஆல்கஹால் கலந்த சானிடைசர் உதவும். கறைக்கு அடியில் பழைய துணியை வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சாம்பார், குழம்பு முதலியவற்றின் மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்துபோவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும். அலசியதும் மீண்டும் மஞ்சளாகும். அதை நல்ல வெயிலில் ஈரத்தோடு காயப்போட்டால் சில நாட்களில் வெளுத்துவிடும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். அதற்குப் பிளீச்சிங் திரவத்தைப் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். வாழைக்கறை மட்டும் காய்ந்துவிட்டால் போகாது. தோப்புக்கும் தோட்டத்துக்கும் போகும் நாளில் பழைய உடை போடுவதே வழி.

பிளீச்சிங் திரவம் பருத்தியைக்கூட மெல்ல அரிக்கும். பட்டுத் துணியையும், எலாஸ்டிக் இழை கலந்த துணியையும் வெகு விரைவில் கெடுத்துவிடும். அதை வினிகர், அமிலம் முதலிய எதனோடும் கலக்கக்கூடாது. நச்சு வாயு வெளிப்படும்.

உலர்த்துவதில் இரண்டு விதிகள் போதும். நிறமுள்ள உடையை உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள்; வெள்ளையை வெயிலில் உலர்த்தலாம். பின்னலாடையைத் தோளில் கிளிப் மாட்டித் தொங்கவிடாமல், பாதியாக மடித்துக் கொடியின் மேல் போடுங்கள்; ஈரத்தின் எடையால் நீண்டு உருக்குலைவது அப்போது நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி உலராமல் பூஞ்சணம் பிடிப்பதுதான் நம் பகுதியில் பெரிய இடர். அந்த மாதங்களில் ஈரத்துணியைப் பழைய துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடுங்கள். இடுப்புப் பட்டியும் பைகளும் முழுவதும் உலர்ந்த பிறகே மடித்து வைக்க வேண்டும்.

படி 6: சிறு பழுதை அன்றே பாருங்கள்

ஓர் அங்குலம் பிரிந்த தையலை அடுத்த சலவைக்கு முன் தைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. சலவைக்குப் பிறகு அது நான்கு அங்குலமாகியிருக்கும். பழுதானவற்றை அழுக்குக் கூடையில் போடாமல் தனியே ஒரு பையில் போட்டு வையுங்கள். அதே பையில் கறுப்பு, வெள்ளை, சீருடை நிறம் ஆகிய நூல்கள், ஊசிகள், சில பட்டன்கள், கொக்கிகள், அரை அங்குல எலாஸ்டிக் ஒன்றிரண்டு மீட்டர் ஆகியவை இருந்தால் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

எலாஸ்டிக் மாற்றுவதை அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டும். இடுப்புப் பட்டியின் உள்பக்கத் தையலில் ஓர் அங்குலம் பிரித்து, பழைய எலாஸ்டிக்கை வெட்டி, அதன் முனையோடு புதியதன் முனையை ஊக்கால் கோத்து இழுத்தால், பழையது வெளியே வர வரப் புதியது உள்ளே போய்விடும். இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்த இடத்தை மூட வேண்டும். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்பதற்காக மட்டுமே தூக்கி எறியப்படும் பேண்ட்களும் ஸ்கர்ட்களும் எத்தனையோ.

எல் வடிவத்தில் கிழிந்த துணிக்கு, உள்ளே சற்றுப் பெரிய துண்டு வைத்து, கிழிந்த விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, முதலில் நேராகவும் பிறகு குறுக்காகவும் நெருக்கமாக இழையோட்ட வேண்டும். சீருடை என்றால் அதே நிறத்தில், கண்ணுக்குத் தெரியாமல் செய்யுங்கள். ஒட்டுப் போட்ட சீருடை வகுப்பில் பிள்ளைக்குக் கூச்சத்தைத் தரக்கூடும், அந்த உணர்வை நாம் மதிக்க வேண்டும். வீட்டு உடை என்றால், இலை, மீன், நட்சத்திரம் என்று பிள்ளையையே ஒரு வடிவம் தேர்ந்தெடுக்கச் சொல்லி வெளிப்பக்கமே வைத்துத் தைக்கலாம்.

படி 7: அளவு போதாதபோது மாற்றியமைக்கும் முறை

முதலில், உள்ளே விட்டிருக்கும் நீளத்தைப் பிரியுங்கள். பருத்தியிலும் டெரிகாட்டனிலும் பழைய மடிப்புக் கோட்டின் மேல் ஈரத்துணி விரித்து இஸ்திரி போட்டால் தடம் பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் அதன்மேல் ஒரு தையல் வரி ஓட்டினால் அலங்காரமாகிவிடும். மடிப்பு முழுவதையும் இறக்கிய பிறகும் நீளம் போதாதென்றால், மடித்துத் தைக்கத் துணி இருக்காது. அப்போது உள்பக்கத்தில் வேறு துணியில் இரண்டு அங்குலப் பட்டி வைத்து மடித்துத் தைப்பார்கள்.

இடுப்பும் தோளும் சரியாக இருந்து நீளம் மட்டும் குறைந்த கவுனை, லெகிங்ஸோடு டாப்ஸாகப் போடலாம். முட்டி நைந்த பேண்டை முட்டிக்கு மேலே வெட்டி மடித்தால் அரைக்கால் சட்டையாகும். நைந்த பகுதி வெட்டிய துண்டோடு போய்விடும் என்பதால் அந்த அரைக்கால் சட்டை இன்னும் ஓராண்டுக்கு மேல் வரும். கைநீளம் குறைந்த முழுக்கைச் சட்டை அரைக்கைச் சட்டையாகும். அம்மாவின் பருத்திப் புடவையில் முந்தானைப் பகுதி நைந்திருந்தாலும் உடல்பகுதி நன்றாக இருக்கும்; அதில் பிள்ளைக்கு இரண்டு, மூன்று கவுன் தைக்கலாம். அப்பாவின் சட்டையில் காலர்தான் முதலில் நைகிறது. அதன் முதுகுத் துணியில் சிறு பிள்ளைக்குச் சட்டை வெட்டிவிடலாம்.

சீருடை விஷயத்தில் ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடைகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. அவை பிள்ளைக்குச் சற்றுப் பெரிதாக இருந்தால் நீளத்தை வெட்ட வேண்டாம். உள்ளே மடித்து ஹெம்மிங் செய்து, பக்கங்களில் ஒரு தையல் மட்டும் பிடித்து வையுங்கள். ஆண்டின் நடுவில் தேவைப்படும்போது பிரித்துவிடலாம். 4 இணைகளையும் ஜூன் மாதமே மாற்றி மாற்றிப் போடத் தொடங்கினால் எல்லாம் ஒரே அளவில் மங்கும். ஒன்றை மட்டும் புதிதாக எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை வதைத்தால், அந்தப் புதியது ஒரு நாள் சிறிதாகிப்போய்க் கிடக்கும்.

படி 8: எடுத்து வைப்பதும் கைமாற்றுவதும்

தம்பி தங்கைக்காகவோ உறவினர் பிள்ளைக்காகவோ எடுத்து வைக்கும் உடையைத் துவைத்து, கஞ்சி போடாமல், நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். கஞ்சி, கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் அழைக்கும். கண்ணுக்குத் தெரியாத பால் கறையும் பழச்சாற்றுக் கறையும் மாதங்கள் செல்லச் செல்லப் பழுப்பாக மேலெழும் என்பதால், பார்வைக்குச் சுத்தமாக இருப்பதையும் துவைத்தே வைக்க வேண்டும். வயதுக்கு ஏற்ப அளவு எழுதி ஒட்டிய தனித்தனிப் பெட்டிகளோ பழைய தலையணை உறைகளோ போதும். எது இருக்கிறது என்பது தெரியாமல் போவதால்தான் எடுத்து வைத்த உடை பயன்படாமல் போகிறது.

பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம். நாஃப்தலீன் கலந்த அந்துருண்டையோடு வைத்த உடை, ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள பச்சிளங் குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். அந்தக் குறைபாடு குழந்தையைப் பார்த்தவுடன் தெரிவதில்லை. முழுவதும் உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள். பட்டுப்பாவாடையை ஹேங்கரில் தொங்கவிடாமல், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே இடத்தில் மடிந்து கிடக்கும் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும்.

எலாஸ்டிக் வைத்த உடை பெட்டியில் கிடந்தாலும் கெட்டுவிடும். இரண்டு பிள்ளைகளுக்கு இடையே 5 வயது வித்தியாசம் என்றால், அத்தகையவற்றைப் பெட்டியில் பூட்டுவதைவிட இப்போதே தேவைப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது மேல். கொடுக்கும்போது கிழிந்ததைத் தைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். பெறுபவர்களுக்கும் ஒரு சொல்: கழுத்தில் நாடா உள்ள உடையில் நாடாவை உருவிவிடுங்கள், அது எங்காவது மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கக்கூடும், தளர்ந்த மணிகளையும் பட்டன்களையும் மறுபடி தையுங்கள். தீபாவளிக்குக் கைமாறி வந்த பளபளப்பான செயற்கை இழை உடையைப் பட்டாசு வெடிக்கும் நேரத்தில் போடாமல், கோவிலுக்கும் விருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்புப் பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். வெடிக்கும்போது உடலோடு பொருந்திய பருத்தி உடையே பாதுகாப்பு.

படி 9: இனிப் போட முடியாத உடை

முதலில் பட்டன், கொக்கி, ஜிப், லேஸ், நன்றாக உள்ள எலாஸ்டிக் ஆகியவற்றைக் கழற்றிப் பழுதுப் பையில் போடுங்கள். பிறகு, நைந்த முட்டி, காலர் தவிர மீதமுள்ள துணியில் ஒட்டுப் போட உதவும் துண்டுகளை வெட்டி எடுங்கள். சீருடை நிறத் துண்டுகளை ஒருபோதும் எறியாதீர்கள், ஏனென்றால் பழைய சீருடைக்குப் பொருந்தும் மங்கிய நிறம் கடையில் கிடைக்காது. பருத்திப் பனியன் துணி, கண்ணாடி துடைக்கவும் வண்டி துடைக்கவும் மிகவும் ஏற்றது. சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்குக் கனமான பருத்தியை மட்டுமே இரண்டு மூன்று மடங்காக வைத்துத் தைக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும். அதைக் கால்மிதிக்கும், தலையணையின் உள்ளே அடைப்பதற்கும் பயன்படுத்தலாம். அசல் ஜரிகை உள்ள பட்டுப்பாவாடை என்றால் பழைய பட்டு வாங்குபவர்கள் ஜரிகையின் எடைக்கு விலை தருவார்கள். பிள்ளைகளின் பாவாடைகளில் பெரும்பாலும் போலி ஜரிகைதான் இருக்கும் என்பதால், அவற்றின் கரையை மட்டும் வெட்டி எடுத்து அடுத்த பிள்ளையின் பருத்திப் பாவாடைக்குக் கரையாக வைத்துத் தைத்துவிடலாம்.